சங்கரநாராயணன்: ஒருமையில் முடியும் பெயர்

சங்கரநாராயணன் என்பது சிவபெருமானின் பெயர் ஒன்றும் திருமாலின் பெயர் ஒன்றும் இணைந்த ஆண்பாற் பெயர். கேரளத்திலும் தமிழ்நாட்டின் தென்பகுதியிலும் பல நூற்றாண்டுகளாக வழங்கி வருவது. தமிழ்நாட்டில் இதற்குத் தாய்வீடு என்று ஓர் ஊரைச் சொல்ல வேண்டுமானால் அது சங்கரன்கோவில்தான். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது திருநெல்வேலியிலிருந்து பிரிந்து அதனோடு சேர்ந்த இந்த ஊரில், சங்கரலிங்கர், கோமதி அம்மன், சங்கரநாராயணர் ஆகிய மூவருக்கும் தனித்தனிச் சந்நிதி கொண்ட பெருங்கோயில் இருக்கிறது. சங்கரன், சங்கரலிங்கம், சங்கரநாராயணன், கோமதி, கோமதிநாயகம், ஆவுடையம்மாள் என்று இக்கோயிலை ஒட்டி வைக்கப்படும் பெயர்கள் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் பல சாதியாரிடமும் பரவியிருக்கின்றன.

தெய்வத்தின் பெயரை மனிதனுக்கு வைப்பது இந்தியாவில் அன்றாட வழக்கம். அன்றாட வழக்கம் என்பதால் அதற்குள் இருக்கும் கேள்வி சிறியதாகிவிடாது. தெய்வப் பெயர் தாங்கிய மனிதனைக் கூப்பிடும்போது கூப்பிடப்படுவது யார்? இரண்டு தெய்வங்களின் பெயரைச் சேர்த்து ஒரு பிள்ளைக்கு இடும்போது, அந்த இரண்டும் ஒன்றே என்று பெற்றோர் சொல்கிறார்களா, இரண்டு பேரின் அருளையும் கேட்கிறார்களா? சைவமும் வைணவமும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாதாடிய விஷயம் இந்த இரண்டாவது கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

பெயரின் முதற்பாதி 'சம்' என்ற சொல்லிலிருந்து வருகிறது. சம் என்றால் நலம், சுகம். அதைச் செய்பவன் சங்கரன். யஜுர் வேதத்தின் ஸ்ரீருத்திரத்தில் 'சிவ' என்ற பெயர் வரும் இடத்திலேயே 'சங்கர' என்பதும் வருகிறது. உருத்திரன் அஞ்சத்தக்கவன், அந்த அச்சம் தரும் தெய்வத்தை நலம் செய்பவனாகப் பார்க்கும் பெயர் இது. பிற்பாதியான நாராயணன் என்பதற்கு, நாரம் என்னும் நீரை இருப்பிடமாகக் கொண்டவன் என்பது மனுஸ்மிருதி முதலிய நூல்கள் தரும் பொருள். வைணவ ஆசாரியர்கள் நாரம் என்பதற்கு உயிர்த்தொகுதி என்று பொருள் கொண்டு, உயிர்களுக்கெல்லாம் இருப்பிடமாகவும் அவற்றுள் உறைபவனாகவும் இருப்பவன் என்று இருவகையாக விரித்தார்கள். ஒரு பாதி செயலைச் சொல்கிறது, மறுபாதி நிலையைச் சொல்கிறது. சேர்த்துப் படிப்பதில் பொருள் அளவில் எந்த மோதலும் இல்லை. மோதல் எழுவதெல்லாம் இந்தப் பெயர்களுக்கு உரியவர் யார் என்று கேட்கும்போதுதான்.

தமிழ் இலக்கணம் இங்கே ஒரு நல்ல கருவியைத் தருகிறது. உயர்திணைப் பெயர்கள் உம்மைத்தொகையாகச் சேர்ந்தால் பலர்பால் ஈறு பெறும் என்பது நன்னூல் விதி. கபிலரும் பரணரும் சேர்ந்து 'கபிலபரணர்' ஆவது எல்லாரும் அறிந்த எடுத்துக்காட்டு. வடமொழியிலும் அரியும் அரனும் இருவராக எண்ணப்பட்டால் தொகைச்சொல் இருமை எண்ணில் முடியும். ஆகவே சங்கரனும் நாராயணனும் என்று இருவரைச் சொல்ல நினைத்தால் 'சங்கரநாராயணர்' என்றுதான் வரவேண்டும். கோயிலில் அப்படித்தான் வழங்குகிறது. ஆனால் அந்த ரகர ஈறு பன்மையாகவும் இருக்கலாம், மரியாதையாகவும் இருக்கலாம்; எதுவென்று சொல்லைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது அந்த இரட்டுறல் போய்விடுகிறது. அங்கே வருவது சங்கரநாராயணன்: இருபெயரொட்டு, சங்கரனாகிய நாராயணன்.

பெயரைத் தாங்குபவர் ஒருவர்தானே, ஒருமை இயல்புதானே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இராமலட்சுமணன் என்ற பெயரும் ஒருமையிலேயே முடிகிறது. அதைக் கொண்டு இராமனும் இலட்சுமணனும் ஒருவரே என்று எவரும் முடிவு கட்டுவதில்லை. எனவே இலக்கணம் தானாகவே தத்துவம் ஆகிவிடாது. ஒருமை ஈற்றுக்குப் பின்னால் அதை மெய்யென்று ஏற்கும் ஒரு வழிபாடு இருக்கவேண்டும். இராமலட்சுமணன் என்ற பெயருக்கு அப்படியொன்று இல்லை. சங்கரநாராயணன் என்ற பெயருக்கு இருக்கிறது.

சங்கரன்கோவில் தலபுராணத்தின் மையமே இந்தக் கேள்வி. சங்கன், பதுமன் என்று இரண்டு நாகர்கள். சங்கன் சிவபக்தன், பதுமன் திருமால் அடியவன். யார் பெரியவர் என்று இருவருக்கும் வாக்குவாதம் முற்றுகிறது; தீர்ப்புக் கேட்டு அம்பிகையிடம் போகிறார்கள். அம்பிகைக்கு ஒருவர் கணவர், மற்றவர் அண்ணன். அவள் யாரையும் பெரியவர் என்று சொல்லாமல், இருவரும் ஒரே வடிவில் காட்சி தரவேண்டும் என்று சிவபெருமானை வேண்டுகிறாள். புன்னைவனமாக இருந்த இந்த இடத்துக்கு வந்து ஒற்றைக்காலில் நின்று தவம் செய்கிறாள். ஆடி மாதம் பௌர்ணமியும் உத்திராட நட்சத்திரமும் கூடிய நாளில் சங்கரநாராயணக் கோலம் கிடைக்கிறது. நாகர்கள் மட்டும் பார்த்துக் கலைந்துபோகும் காட்சியாக அது முடியவில்லை. அவள் கேட்டுக்கொண்டபடி இறைவன் லிங்க வடிவிலும் அங்கே தங்குகிறார், அவரே சங்கரலிங்கர். கோயிலைக் கட்டியவன் உக்கிரபாண்டியன் என்கிறது தலவரலாறு. புற்றுமண்ணே இங்கே பிரசாதம். பாம்பு உருவம் பொறித்த வெள்ளித் தகடுகளைப் பக்தர்கள் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள்.

ஆண்டுதோறும் பன்னிரண்டு நாள் நடக்கும் ஆடித்தபசு இந்தக் கதையைத் திருவிழாவாக நடத்திக் காட்டுகிறது. கொடியேறியதும் பக்தர்கள் கோயிலைச் சுற்றிச்சுற்றி வருவதற்கு ஆடிச்சுற்று என்று பெயர். ஒற்றைக்காலில் நிற்கும் அம்மனின் கால்வலியைத் தாங்களும் பகிர்ந்துகொள்வதாக அவர்களுடைய நம்பிக்கை. தபசு நாளில் அம்மன் தபசு மண்டபத்துக்கு எழுந்தருள, மாலையில் சங்கரநாராயணராகவும் இரவில் சங்கரலிங்கராகவும் சுவாமி காட்சி கொடுக்கிறார். அப்போது பருத்தி, வத்தல், நெல் என்று தங்கள் காட்டில் விளைந்ததை விவசாயிகள் சூறை விடுகிறார்கள். யார் பெரியவர் என்ற வாதத்துக்கு விடை வரும் தருணத்தில் கூட்டம் வாதம் எதையும் நினைப்பதில்லை. அடுத்த மகசூல் நன்றாக இருக்கவேண்டும் என்பதே நேர்த்தி. இத்தனை ஆழமான ஒரு தத்துவ விடையை இவ்வளவு பெரிய கூட்டம் இவ்வளவு இயல்பாகத் தன்னுடையதாக்கிக்கொண்டது வியப்புக்குரியது.

சங்கரநாராயணர் சந்நிதியில் நின்று பார்த்தால், ஒருமை என்பது அங்கே எப்படிக் கையாளப்படுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். வலப்பாதி சிவன்: சடைமுடி, பிறை, மழு. இடப்பாதி திருமால்: மணிமுடி, சங்கு. மூலவருக்கு அபிஷேகம் செய்வதில்லை. அங்கே வைத்துப் பூசிக்கப்படும் சந்திரமௌலீசுவரர் என்னும் ஸ்படிக லிங்கத்துக்குத்தான் அபிஷேகம். சிவன் அபிஷேகப் பிரியர், திருமால் அலங்காரப் பிரியர் என்ற பழைய வழக்கை நினைத்தால், உருவம் அலங்காரத்துக்கும் லிங்கம் அபிஷேகத்துக்குமாக ஒரே கருவறைக்குள் ஏற்பாடு அமைந்திருப்பது புரியும். வெளியே வரும் பக்தரின் நெற்றியில் திருநீறு இருக்கும், வாயில் துளசி தீர்த்தம் இருக்கும். நூல்களில் பிரிந்து கிடக்கும் இரண்டு சமயங்கள் ஒரே ஆளின் மேல் சேர்ந்து இறங்கும் இடம் இது. பிள்ளைக்குச் சங்கரநாராயணன் என்று பெயரிடுவதும் இதே செயலின் நீட்சிதான்.

இரு தெய்வத்தையும் ஓருருவாகக் காணும் மரபு இத்தலத்தோடு தொடங்கியதன்று. பாதாமியின் முதல் குடைவரையில் 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிய அரிகரர் சிற்பம் இருக்கிறது. மாமல்லபுரத்துத் தர்மராஜ ரதத்திலும் உண்டு. கன்னட நாட்டில் ஹரிஹர் என்னும் ஊரே அத்தெய்வத்தால் பெயர் பெற்றது. அங்குள்ள போசளர் கோயில் 1224இல் எழுந்தது. கடல் கடந்து கம்போடியாவில் அங்கோர் காலத்துக்கு முன்பே அரிகரர் பெரிதும் வழிபடப்பட்டார். 9ஆம் நூற்றாண்டில் ஹரிஹராலயம் என்ற பெயரில் ஒரு தலைநகரே இருந்தது. தமிழில் முதலாழ்வார்களில் பொய்கையாழ்வாரும் பேயாழ்வாரும் அரனையும் நாரணனையும் ஓருருவாக வைத்துப் பாடியிருக்கிறார்கள். பிற்கால வாதங்களின் சூடு ஏறாத அந்தப் பாசுரங்களை எல்லாச் சமயத்தாரும் படிக்கவேண்டும்.

மனிதப் பெயராக இது எவ்வளவு பழையது என்பதற்கு உறுதியான சான்று கேரளத்திலிருந்து கிடைக்கிறது. சேரப் பெருமாள் மன்னனின் ஆதரவில் மகோதயபுரத்தில் வானியல் ஆய்வு நடத்திய அறிஞரின் பெயர் சங்கரநாராயணன். முதலாம் பாஸ்கரரின் லகுபாஸ்கரீயத்துக்கு அவர் உரை எழுதிய ஆண்டு கி.பி. 869. ஆக, 9ஆம் நூற்றாண்டிலேயே ஒரு வீட்டில் பிறந்த பிள்ளைக்கு இந்த இரட்டைப் பெயரை வைக்கத் தடையில்லாத சமயச் சூழல் மேற்குக் கரையில் இருந்திருக்கிறது. அதே மண்ணில் காலடியில் பிறந்த ஆதிசங்கரரின் பெற்றோர் திருச்சூர் வடக்குநாதரை வேண்டி அவரைப் பெற்றார்கள் என்பது மரபு. அந்தத் திருச்சூர்க் கோயிலிலும் மூன்று சந்நிதிகள்: ஒருபுறம் வடக்குநாதரான சிவன், மறுபுறம் இராமன், நடுவில் சங்கரநாராயணன்.

திருச்சூரையும் சங்கரன்கோவிலையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. இரண்டு இடத்திலும் சங்கரநாராயணர் நடுவில் இருக்கிறார். திருச்சூரில் அவருக்கு இருபுறமும் சிவனும் திருமாலும். எவரிடமிருந்து அவர் சேர்ந்தாரோ அவர்களே. சங்கரன்கோவிலில் ஒருபுறம் சங்கரலிங்கர், மறுபுறம் கோமதி அம்மன். திருச்சூரில் திருமால் இருக்கும் இடத்தில் இங்கே அம்பிகை இருக்கிறாள். இந்த வேற்றுமைக்குள் ஒரு சைவக் கோட்பாடு இருக்கிறது. சிவபெருமானின் சக்தி பவானி, காளி, துர்க்கை, திருமால் என்று நான்கு நிலைகளில் இயங்குகிறது என்பார்கள் சைவர்கள். அர்த்தநாரீசுவரரிடம் உமை இருக்கும் இடப்பாகம்தான் சங்கரநாராயணரிடம் திருமால் இருக்கும் இடப்பாகமும். திருவையாற்றுப் பதிகத்தில் அப்பர், ஐயாறனாருக்கு அரியைத் தவிர வேறு தேவி இல்லை என்ற கருத்தைச் சொல்வது இதைத்தான். சங்கரன்கோவிலின் அமைப்பைப் பார்த்தவர்களுக்கு அது எளிதில் விளங்கும்.

ஆகவே சங்கரநாராயணன் என்ற ஒருமைக்குக் குறைந்தது மூன்று விளக்கங்கள் இருக்கின்றன. சைவ சித்தாந்திக்குச் சங்கரனே முதல். நாராயணன் அவனுடைய ஆற்றல், ஆற்றலும் ஆற்றலுடையவனும் பிரிவதில்லை என்பதால் ஒருமை. வைணவருக்கு நாராயணனே பரம்பொருள். சங்கரன் அவனுக்கு உடலாக, அடியாராக நிற்பவன், உடலைச் சொல்லும் சொல் உயிர் வரைக்கும் போய்ச் சேரும் என்பதால் ஒருமை. அத்வைதிக்கு இரண்டு பெயரும் ஒரே பிரம்மத்தின் மேல் ஏற்றப்பட்டவை. முதல், இரண்டாவது என்ற பேச்சுக்கே இடமில்லை. மூவரும் ஒருமை ஈற்றை ஏற்பார்கள். ஏற்கும் காரணம் மட்டும் மூவருக்கும் வேறு.

விஷ்ணு சகசிரநாமத்தில் இதே சிக்கல் சிறிய அளவில் வருகிறது. அதன் 27ஆவது திருநாமம் 'சிவ'. திருமாலைப் போற்றும் ஆயிரம் பெயருக்குள் இது எப்படி வந்தது? ஆதிசங்கரர் தம் உரையில், இருவருக்கும் பேதம் இல்லை என்பதால் சிவன் முதலிய பெயர்களாலும் அரியே துதிக்கப்படுகிறான் என்று எழுதினார். வைணவ உரையாசிரியரான பராசர பட்டரோ அந்தச் சொல்லை மங்கலம் தருபவன் என்று பிரித்து, திருமாலின் குணமாகவே பொருள் கொண்டார். ஒருவர் பெயரை இன்னொரு தெய்வத்தோடு இணைக்கும் பாலமாகக் கண்டார்; மற்றவர் அதைப் பண்புச் சொல்லாக்கித் தம் தெய்வத்திடமே நிறுத்திக்கொண்டார். சங்கரன் என்பதையும் பட்டரின் வழியில் 'நலம் செய்பவன்' என்ற பண்புச் சொல்லாகப் படித்தால், சங்கரநாராயணன் என்பது 'நலம் செய்யும் நாராயணன்' ஆகிவிடும். கண்டிப்பான வைணவரும் மறுக்க முடியாத பெயர் அது. இப்படி எந்தச் சமயத்தாரும் தம் வாசல் வழியே உள்ளே வரும்படி அமைந்திருப்பதே இந்தப் பெயர் நிலைத்ததற்கு முக்கியக் காரணமாக இருக்கவேண்டும்.

இனி முதல் கேள்வி. தெய்வப் பெயர் தாங்கிய மனிதனைக் கூப்பிடும்போது கூப்பிடப்படுவது யார்? பாகவதத்தின் ஆறாம் கந்தத்தில் வரும் அஜாமிளன் கதையே இதற்கு இந்திய மரபு காட்டும் பெரிய ஆதாரம். நெறி தவறி வாழ்ந்த அந்தணன் அவன். கடைசிப் பிள்ளைக்கு நாராயணன் என்று பெயர் வைத்திருந்தான். சாகும் நேரத்தில் எமதூதர்களைக் கண்ட பயத்தில் பிள்ளையைக் கூப்பிட்டான். வந்தவர்கள் விஷ்ணுதூதர்கள். அவன் நினைத்தது மகனை. வாயில் வந்தது பெயர். அந்தப் பெயரே போதும் என்கிறது பாகவதம். வேறொருவரைக் குறித்துச் சொன்னாலும், கேலியாகச் சொன்னாலும், பாட்டுக்கு இடையில் நிரப்பாகச் சொன்னாலும், அலட்சியமாகச் சொன்னாலும் நாமம் பாவத்தைப் போக்கும் என்று அது நான்கு வகையாக எண்ணிச் சொல்கிறது. வீட்டில் பிள்ளையை எந்தெந்த விதமாகவெல்லாம் கூப்பிடுகிறோமோ, திட்டுவது உட்பட, அத்தனையும் இந்தப் பட்டியலுக்குள் வந்துவிடும்.

சங்கரன்கோவிலுக்கு வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்ந்த பெரியாழ்வார் இந்தக் கருத்தை முழுத் திருமொழியாகவே பாடினார். அவருடைய திருமொழியில் நான்காம் பத்தின் ஆறாம் பகுதி, பெற்றோரைப் பார்த்து நேராகப் பேசுகிறது. காசுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டு மனிதர் பெயரைப் பிள்ளைக்கு வைக்காதீர்கள், நாரணன் பெயரை வையுங்கள், அந்தப் பிள்ளையின் தாய் நரகம் புகமாட்டாள் என்பது அதன் சாரம். செல்வரின் பெயரை வைத்து அவரிடம் பரிசு பெறும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது என்பதும் இதிலிருந்து தெரிகிறது. பெயர் வைப்பது என்பது யாருடைய தயவை நாடுகிறோம் என்பதை வெளிப்படுத்தும் செயல் என்று ஆழ்வார் கண்டுகொண்டதுதான் இத்திருமொழியின் கூர்மை.

ஆனால் நாமத்துக்கு இவ்வளவு பெருமை சொன்னால் அத்வைதத்தில் ஒரு சிக்கல் எழுகிறது. இருப்பு, விளக்கம், இன்பம், பெயர், உருவம் என்று எந்தப் பொருளுக்கும் ஐந்து அம்சம் உண்டு. முதல் மூன்றும் பிரம்மத்தின் இயல்பு, பெயரும் உருவமும் உலகத்தைச் சேர்ந்தவை என்பது திருக்திருசிய விவேகம் என்னும் நூல் சொல்லும் அத்வைதக் கொள்கை. பெயரே உலகத்தைச் சேர்ந்தது என்றால் அதைச் சொல்லி எப்படிக் கரை சேர்வது? 17, 18ஆம் நூற்றாண்டுகளில் காவிரிக் கரையில் நாம சித்தாந்தத்தைப் பரப்பியவர்கள் இதற்கு வாழ்ந்தே விடை சொன்னார்கள். போதேந்திரர் இராம நாமத்தையும் திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாள் சிவ நாமத்தையும் போற்றினார்கள், இருவரும் அத்வைதிகள். அவர்கள் மரபு பின்பற்றும் நாம அபராதப் பட்டியல் பத்மபுராணத்திலிருந்து வருவது. சிவனுடைய நாமத்தையும் திருமாலுடைய நாமத்தையும் வேறென்று எண்ணுவது அதில் ஓர் அபராதம். சங்கரநாராயணன் என்ற பெயரை வாயால் சொல்பவர் அந்த அபராதத்தைச் செய்யவே முடியாது.

ஐயாவாளிடம் உபதேசம் பெற்றதாக மரபு சொல்லும் ஆவுடையக்காள், இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கும் செங்கோட்டையில் பிறந்தவர். சிறுவயதிலேயே கணவனை இழந்த அந்தப் பெண், வேதாந்தத்தைப் பெண்கள் வாயில் புழங்கும் பாட்டுகளாக்கினார். பெயரும் உருவமும் கடந்த நிலையைப் பாடிய அவருக்கு, ஆ உடையவள் என்று பொருள்படும் அம்மன் பெயர் அமைந்தது. நாமத்தைப் பற்றிக்கொண்டு ஏறி, நாமமில்லாத இடத்தைப் பேசிய அவர் வாழ்க்கையில் மேற்சொன்ன சிக்கல் சிக்கலாகவே இல்லை.

மற்றச் சமயங்களிலும் தெய்வப் பெயர் மனிதப் பெயருக்குள் வருகிறது. வரும் விதம்தான் வேறு. இஸ்லாத்தில் இறைவனுடைய தனிப்பெயரை மனிதர் தாங்குவதில்லை. அப்துல்லா, அப்துர் ரஹ்மான் என்று அடிமை என்ற சொல்லோடு சேர்த்தே வைப்பார்கள். எபிரேயப் பெயர்கள் பல சிறு வாக்கியங்கள். அவற்றில் ஒன்று சங்கரநாராயணனுக்கு மிக நெருங்கிய உறவு: யோவேல். தமிழ் வேதாகமத்தில் தீர்க்கதரிசியின் பெயராக வருவது இது, ஆங்கிலத்தில் ஜோயல். யாவே என்ற பெயரும் ஏல் என்ற பெயரும் சேர்ந்து 'யாவேயே இறைவன்' என்று பொருள் தருகிறது. அதையே முன்பின்னாக மாற்றினால் எலியா. ஏல் என்பது கானான் நாட்டில் ஏற்கெனவே வணங்கப்பட்ட முதுதெய்வத்தின் பெயர், கடவுள் என்ற பொதுச்சொல்லும் அதுவே. அந்த ஏல் எங்கள் யாவேதான் என்று ஒவ்வொரு முறையும் உறுதி சொல்லும் பெயர்கள் இவை. சீர்திருத்தத்துக்குப் பின் பியூரிட்டன்கள் புனிதர் பெயர்களை விட்டுப் பழைய ஏற்பாட்டுப் பெயர்களுக்குத் திரும்பியபோது ஜோயல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பரவியது. மிஷனரிகள் வழியே யோவேலும் எலியாவும் திருநெல்வேலிச் சீமைக்கும் வந்தார்கள். ஒரே தாலுகாவில் சங்கரநாராயணனும் யோவேலும் பக்கத்து ஊர்க்காரர்களாக இருக்கும்போது, இரண்டு பெயரும் ஒரே வகைக் கூற்று என்பது அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. வேறுபாடும் உண்டு. யோவேல் இறைவனைப் பற்றி ஒன்றைச் சொல்கிறது. சங்கரநாராயணன் இறைவனின் பெயரை அப்படியே மனிதன் மேல் வைக்கிறது. அந்தத் துணிவு வேண்டாம் என்று தயங்குபவர்களுக்காகத் தமிழிலும் 'தாசன்' பெயர்கள் உண்டு. நாடகத் தந்தை சங்கரதாஸ் சுவாமிகளின் (1867-1922) பெயர் அவ்வகை.

சங்கரன்கோவிலை ஒட்டிய மற்றப் பெயர்களில் கோமதி மிகப் பரவியது. வடக்கே லக்னோவில் ஓடும் ஆறும் இதே பெயருடையது. பசுக்கள் நிறைந்தவள் என்பது பொருள். தவத்துக்குப் புறப்பட்ட அம்பிகையோடு தேவமகளிர் பசுக்களாக வந்தார்கள் என்பது தலபுராணம். கோமதி என்பதன் நேர்த்தமிழே ஆவுடையாள். வீட்டில் கோமதி கோமு ஆவாள். ஆண்களுக்குக் கோமதிநாயகம் வரும்; மனைவியின் பெயரால் சிவனைச் சொல்லும் அழகான பெயர். வெறும் கோமதி என்பதே ஆணுக்கும் வைக்கப்பட்டதுண்டு. கி. ராஜநாராயணனின் 'கோமதி' என்ற சிறுகதையின் நாயகர் கோமதிச் செட்டியார். லிங்கத்தின் பெயரான சங்கரலிங்கம் விருதுநகர்ப் பக்கத்திலும் உண்டு. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாற்றுவது உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 1956 ஜூலை 27 முதல் 76 நாள் உண்ணாநோன்பிருந்து அக்டோபர் 13இல் உயிர்விட்ட தியாகியின் பெயர் சங்கரலிங்கனார். பெயர் என்பது உயிர் கொடுக்கத்தக்க விஷயம் என்று கருதியவர் அவர். மாநிலத்தின் பெயர் 1969 ஜனவரி 14 அன்று மாறியது.

இப்பெயர்கள் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்ததற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று நேர்ச்சை. பிள்ளை வரம் கேட்டு வந்தவர்கள் சுவாமி பெயரையோ அம்மன் பெயரையோ வைப்பதாக நேர்ந்துகொள்வார்கள். மற்றது தாத்தா பெயர். பேரனுக்குத் தாத்தா பெயரை இடுவது கட்டாயம் போலவே இருந்தது. இதில் ஒரு தடங்கலும் இருந்தது: மாமனார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது. ஆகவே தொட்டிலில் போடும் நாளில் குழந்தையின் காதில் மூன்று முறை சங்கரநாராயணன் என்று சொல்லிவிட்டு, பெற்ற தாய் கூப்பிடுவதற்கென்று வேறொரு பெயரை வைத்தார்கள். அஜாமிளன் கதைப்படி பார்த்தால் இது பெரிய இழப்பு. நாளுக்கு நூறு தடவை சொல்லத்தான் தெய்வப் பெயர். அதைச் சொல்ல அதிகம் வாய்ப்புள்ளவளின் வாயே கட்டப்பட்டிருந்தது. மாமனாருக்குக் காட்டும் மரியாதை நாமத்தைவிட வலுவாக நின்றது என்பதுதான் உண்மை. அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது நல்லதே.

20ஆம் நூற்றாண்டில் இப்பெயர் சுருங்கத் தொடங்கியது. 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும் பின்னர் வந்த திராவிட இயக்கமும் வடமொழிப் பெயர்களின் மேல் இருந்த பற்றைக் குறைத்தன. அலுவலகப் படிவங்களும் ஆங்கில எழுத்துக் கூட்டலும் நீளமான பெயருக்கு இடைஞ்சலாயின. சங்கரநாராயணன் பள்ளியில் சங்கர் ஆனான். வேறிடத்தில் நாராயணன் ஆனான். இந்தச் சுருக்கத்தில் போவது எழுத்து மட்டுமன்று. பெயர் எந்தக் கூற்றுக்காக அமைந்ததோ அந்தக் கூற்றே போய்விடுகிறது. இரண்டு தெய்வத்தில் ஒன்றுதான் மிஞ்சுகிறது. சங்கரன்கோவில் என்ற ஊர்ப் பெயரிலும் இந்தச் சுருக்கத்தைக் காணலாம். ஆங்கிலேயர் கால ஆவணங்களில் இது சங்கரநயினார்கோவில் தாலுகா. உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த இத்தலத்து அந்தாதியும் சங்கரலிங்க உலாவும் சங்கரநயினார் கோயில் என்ற பெயரையே தாங்கியுள்ளன. நயினார் என்ற மரியாதைச் சொல் உதிர்ந்து பிறகு சங்கரன்கோவில் ஆயிற்று. நாராயணன் இரண்டிலும் இல்லை. ஊரின் பெயர் சொல்லாமல் விட்டதை ஊர்க்காரர்களின் பெயர்தான் சொல்லி வந்தது.

இன்று பிறக்கும் குழந்தைகளுக்கு முழுப்பெயராகச் சங்கரநாராயணன் என்று வைப்பவர்கள் குறைவு. சான்றிதழுக்கு இரண்டு மூன்று எழுத்தில் புதுப்பெயர் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, காதில் சொல்லும் பெயராகக் குலத்தின் பழைய பெயரை வைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. கோமதிசங்கர் போன்ற சேர்க்கைகளும் வழக்கில் உள்ளன. அதிலும் இருவர் இணைகிறார்கள், ஆனால் அவர்கள் அம்மையும் அப்பனும். திருமால் அங்கே அம்மனுக்குள் அடங்கிவிடுகிறார். சைவ சித்தாந்திகள் சொல்லிவந்த விடைக்கு மிக அருகில் நிற்கும் பெயர் அது.